நிரலோடு நிற்கட்டும் கையேடு
(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எவரும் திருத்திப் பரப்பத்தக்க கட்டற்ற மென்பொருள்களில் தமிழ் ஏறிவிட்டதென மகிழ்கிறோம். இலிபிரே ஆபிசும் பயர்பாக்சும் தமிழ்முகம் காட்டுவது உண்மையே. ஆயின், அவற்றை இயக்கக் கற்பிக்கும் தமிழ்க் கையேடு எந்நிலையில் உள்ளது? கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து வந்த மாணவன் ஒருவனுக்கு அத்தகைய கையேடொன்றை நானே கொடுத்தேன். அதில் கண்ட கட்டளை திரையில் இல்லை. மென்பொருள் மாறியிருந்தது; கையேடு மாறவில்லை. "ஆங்கிலத்திலேயே பார்த்துக்கொள்கிறேன் ஐயா" என்றான். ஆங்கிலம் மீண்டும் அரியணை ஏறிற்று!

குற்றம் தமிழினுடையதன்று, கையேட்டை வைத்த இடத்தினுடையது. எழுதியவர் அதைத் தம் கணினியில் வைத்தார். நிரலோ வேறிடத்தில் வளர்ந்தது. 1991-இல் தோன்றிய இலினக்சைப் பாருங்கள். அதன் விளக்கக் கோப்புகள் மூலநிரலின் உள்ளேயே தனி அடைவில் உள்ளன. நிரலைத் திருத்துவோர் விளக்கத்தையும் உடன் திருத்தலாம். தொல்காப்பிய நூற்பாவின் கீழேயே இளம்பூரணர் உரை நிற்பது போல என்க.

தமிழாக்கத்திற்கும் வழியுண்டு. குனு திட்டத்தின் மொழிபெயர்ப்புக் கருவி, ஆங்கிலத் தொடர் திருத்தப்பட்டிருப்பின் பழைய தமிழ்த் தொடரை ஐயத்திற்குரியதெனக் குறித்துக் காட்டும். அதைமட்டும் செப்பஞ்செய்தாற் போதும்.

ஆதலின் இளைஞர்களே, நிரற் களஞ்சியத்திலேயே தமிழுக்கோர் அடைவு கேளுங்கள். முதற்பக்கத்தில் பதிப்பெண்ணும் நாளும் இடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஒருவர் திரையை முன்வைத்துக் கையேட்டைப் படித்துப் பார்க்கட்டும். கலைச்சொற் போரைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். அதில் நானும் பின்வாங்கேன்.

அம்மாணவனுக்குக் கொடுத்த கையேட்டைத் திருத்தத் தொடங்கியுள்ளேன். மூன்று இயல்கள் முடிந்தன. கணினியறிந்த இருவர் துணை வேண்டும். இக்கூட்டம் முடிந்ததும் என்னைக் காணுங்கள்.