பேயல்ல, மனவடு
(கோவில்பட்டியில் செய்த சொற்பொழிவு)



தீப்பெட்டி ஆபீசில் தீ விபத்தைக் கண்டவன் இரவில் அலறினால், பேய் பிடித்ததென்று கோடாங்கியிடம் இழுக்கிறோம். சுகம் வருமென்று ஏர்வாடியில் விடப்பட்டு, சங்கிலியில் பூட்டப்பட்டிருந்த 28 பேர் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி தீயில் மாண்டார்களே, எந்தப் பேய் ஓடிற்று?

கடலுக்கப்பால் யாழ்ப்பாணத்தில், 2009 வரை நடந்த யுத்தத்தினிடையே, மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் இத்தகைய அலறலை மனவடு என்று எடுத்துக்காட்டினார். வைத்தியரோ சிலர், நொந்தவர்களோ ஆயிரக்கணக்கானோர். ஆகவே ஆசிரியர்களையும் ஊர்த்தொண்டர்களையும் இவ்வேலையில் பழக்கினார். அழுகிறவனுக்குக் காதுகொடுப்பது, ஒண்டியாய் விடாதிருப்பது, முற்றினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, இவ்வளவே வேலை. கேட்கிறவன் மனமும் புண்படுமாதலால், அவனும் தோழர்களிடம் பாரத்தை இறக்கவேண்டும்.

இதற்கு மந்திரம் வேண்டாம், மனிதன் வேண்டும். சங்கிலியிடுவதை 2017-ம் வருஷத்துச் சட்டம் தடுத்துவிட்டது. வீட்டுக்குள் கிடக்கும் சங்கிலியைக் கழற்றவேண்டியது நீங்களே!