இழுத்துப் பார்ப்பதும் ஆட்டிப் பார்ப்பதும்



தலைமை உரை நீண்டால் தேநீர் ஆறிவிடும். நேரே தகட்டுக்கு வருகிறேன்.

உயர்வலிமை எஃகுத் தகடு என்றதும் 600, 780, 980 என்று ஓர் எண்ணைச் சொல்கிறோம். தகட்டை ஒரே திசையில், நிதானமாக, அறும்வரை இழுத்துக் கண்ட இழுவலிமை அது. மெகா பாஸ்கல் கணக்கு. காரின் சக்கர வட்டுக்கு இப்படி ஓர் இழுப்பு வாழ்நாளில் வருவதே இல்லை. அதற்கு வாய்த்தது லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னுமான ஆட்டம். பிரஷ்யாவில் ரயில் அச்சுகளைச் சோதித்த ஆகஸ்ட் வோலர், உச்சத் தகைவைவிடத் தகைவின் வீச்சுதான் ஆயுளைக் குறைக்கிறது என்று 1870இலேயே சொல்லிவிட்டார். நம் விவரப் பட்டியல்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

டூயல் ஃபேஸ் எஃகை எடுத்துக்கொள்வோம். மெத்தென்ற ஃபெரைட்டுக்குள் தீவு தீவாகக் கடினமான மார்ட்டன்சைட். இழுக்கும்போது ஃபெரைட்டில் நகரும் டிஸ்லொகேஷன்கள், அதாவது படிக அடுக்கின் பிசகுகள், தீவுகளின் ஓரத்தில் முட்டி, நெருக்கியடித்து நிற்கும். விசையைத் திருப்பினால் அந்த நெருக்கமே அவற்றைப் பின்னுக்குத் தள்ளும். எதிர்த் திசையில் தகடு முன்கூட்டியே இளகிவிடும். மியூனிக்கில் ஆய்வாளர் பவுஷிங்கர் 1880களில் கண்டது இதைத்தான். பிரஸ்ஸிலிருந்து வெளிவரும் உறுப்பின் ஸ்பிரிங்-பேக், அதாவது விசை விலகியதும் சற்றே திரும்பி விரிவது, கணினிக் கணக்குக்கு அடங்காமல் போவதற்கும் இதில் பெரும் பங்குண்டு.

ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. இழுவலிமையை யீல்டால், அதாவது தகடு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவால், வகுத்து வரும் விகிதம் 1.4க்கு மேல் என்றால் தொடர் ஆட்டத்தில் உலோகம் இறுகும், 1.2க்குக் கீழ் என்றால் இளகும். 600 தரத் தகடு சுருளாக வரும்போது யீல்டு சுமார் 350, விகிதம் 1.7. அதே தகட்டை பிரஸ் அச்சில் அழுத்திச் சில சதவீதம் நீட்டி, 170 டிகிரி பெயின்ட் அடுப்பில் 20 நிமிடம் வைத்தெடுத்தால் யீல்டு 500ஐத் தொட்டுவிடும், விகிதம் 1.2ஐ நெருங்கும். சுருளில் வெட்டிய மாதிரி இறுகுகிறது என்பதை நம்பி வடிவமைத்த உறுப்பு, சாலையில் இளகக்கூடும். இந்தக் கருத்தரங்குக்கு வரும் கட்டுரைகளில் பலவும் சுருளோடு நின்றுவிடுவது எனக்குக் குறைதான்.

காரணம் புரியாமலில்லை; மெல்லிய தகட்டை ஆட்டிச் சோதிப்பதே பெரும்பாடு. 1.2 மில்லிமீட்டர் தகட்டை நீளவாக்கில் அழுத்தினால் பக்கவாட்டில் வளைந்துகொள்ளும். இருபுறமும் தாங்கி கொடுத்து, நடுவே டெஃப்லான் தாள் வைத்து, அந்த உராய்வையும் விசைக் கணக்கில் கழிக்க வேண்டும். கழித்தீர்களா என்று கேள்வி நேரத்தில் கேட்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. மெருகேற்றிய மாதிரியில் வலிமை கூடக்கூட, சோர்ந்து முறியும் தகைவும் உயர்கிறது. பிசிறோடு விட்ட கத்தரித்த விளிம்பில் அந்த லாபம் பாதியில் நின்றுவிடும். ஸ்பாட் வெல்டில், நீண்ட ஆயுளைக் கேட்கும்போது, லாபம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். இரு தகடுகளுக்கு நடுவே, வெல்டின் ஓரத்தில் கத்திமுனை போன்ற இடுக்கு; விரிசல் அங்கே பிறக்கும்போது தகடு 980ஆ, சாதாரணமா என்று பார்ப்பதில்லை. வலிமையை நம்பித் தகட்டை மெலிய வைத்திருப்போம். மீட்சிக் குணகமோ எல்லா எஃகுக்கும் 200 கிகா பாஸ்கலை ஒட்டியே இருக்கும். மெலிந்த தகடு கூடுதலாக வளைந்து, அந்த இடுக்கை இன்னும் வதைக்கும்.

வெல்டிங்கும் விளிம்பும் வழக்கமாகக் கடைசி நாள் மாலைக்கு, பாதி அரங்கு காலியான பிறகு வரும். இம்முறை முதல் அமர்வையே அவற்றுக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.