கையெழுத்திடும் முன் கேளுங்கள்

(கல்வி உதவிநிதி வழங்கும் நிகழ்ச்சியில், தாதியர் பயிற்சியை முடித்தவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

 

தோட்டப்புறத்தில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், வெள்ளை உடுப்பு அணிந்த "மிஸ்ஸி" வருகிறார் என்றால் கங்காணியே எழுந்து நிற்பார். அந்த மரியாதைக்குரிய தொழிலுக்கு நம் பிள்ளைகள் இத்தனை பேர் வந்திருப்பது நமக்குப் பெருமை. பாராட்டுரையை மற்றவர்கள் வழங்கிவிட்டார்கள். நான் ஒரு தவற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது நான் செய்த தவறு.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவி ஒருவர் தம் தந்தையுடன் என் வீட்டுக்கு வந்தார். தனியார் மருத்துவமனை ஒன்று அவருடைய மூன்றாண்டு டிப்ளோமா படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கு ஈடாக ஐந்தாண்டு வேலை செய்யவேண்டும். பத்திரத்தில் இரண்டு ஜாமீன்தாரர்கள் தேவை. ஒருவர் தந்தை, மற்றவர் நான். "சார், ஒருமுறை படித்துப் பார்க்கிறீர்களா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. "பெரிய மருத்துவமனையம்மா, ஏமாற்றவா போகிறார்கள்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த நான், ஏழு பக்கத்தை வாசிக்கவில்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதமே அவரை இரவு வேலையில் தனியாக விட்டார்கள். ஒரு வார்டில் பதினெட்டு நோயாளிகள்; துணைக்கு ஓர் உதவியாளர் மட்டும். பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தார். ஒருநாள் விடியற்காலையில் மருந்தை மாற்றிக் கொடுக்க இருந்து, கடைசி நொடியில் கவனித்துவிட்டார். அன்றே விலகல் கடிதம் கொடுத்தார். அதன் பிறகுதான் பத்திரத்தை எடுத்து வாசித்தோம். ஐந்தாண்டில் ஒருநாள் குறைந்தாலும் முழுத் தொகையான அறுபதாயிரம் வெள்ளியையும் கட்டவேண்டும் என்று எழுதியிருந்தது. உழைத்த மாதங்களுக்கு ஒரு காசும் கழிவில்லை. பால்மரம் வெட்டிச் சேர்த்த தந்தையின் சேமநிதிப் பணம் அதில் போயிற்று. என் பங்கையும் கட்டினேன். பணம் போனது பெரிதல்ல. அந்தத் தந்தை என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே பிள்ளைகளே, வேலைக் கடிதம் கைக்கு வந்ததும் இனிப்பு வாங்கப் போகுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, நோயாளிகளின் எண்ணிக்கை. "பகலில் ஒரு தாதிக்கு எத்தனை பேர்? இரவில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். இது சோம்பேறியின் கேள்வி அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் லிண்டா ஏக்கன் என்னும் பேராசிரியர் குழுவினர் செய்த ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுவதாக அது காட்டியது. கலிபோர்னியா மாநிலத்தில் 2004 முதல் இந்த எண்ணிக்கைக்குச் சட்ட வரம்பே உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதிக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கூடாது. எண்ணைக் கேட்டால் "அது நாளுக்கு நாள் மாறும்" என்று பதில் வரலாம். "சென்ற வாரம் எத்தனை?" என்று பணிவாகத் திரும்பக் கேளுங்கள்.

இரண்டாவது, பழகும் காலம். எத்தனை வாரம் மூத்த தாதி ஒருவர் உடனிருந்து காட்டிக்கொடுப்பார்? தனியாக இரவு வேலை எப்போது தொடங்கும்? எந்த வார்டு? பிரசவப் பிரிவு என்று எடுத்துவிட்டு, ஆள் குறையும்போதெல்லாம் பழக்கமில்லாத பிரிவுக்கு அனுப்புவார்களா?

மூன்றாவது, வேலை நேரம். தனியார் துறையில் வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த உச்ச வரம்பு, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தத்தால் 2023 ஜனவரி 1 முதல் 45 மணி நேரமாகக் குறைந்தது. அதே திருத்தம் பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1977இல் தாதியருக்கென வெளியிட்ட பரிந்துரை, இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. வேலை அட்டவணை எத்தனை நாளுக்கு முன் கைக்கு வரும், இரவு வேலை முடித்தவரை அன்று மாலையே மீண்டும் அழைப்பார்களா என்று கேளுங்கள்.

நான்காவது, சம்பளம். "மொத்தம் இவ்வளவு" என்ற எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஓவர்டைம் பணத்துக்கு ஊழியர் சேமநிதி செலுத்தப்படுவதில்லை. மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோருக்கு, சாதாரண நாளின் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கூலி சட்டப்படி உண்டு. "பணம் இல்லை, பதில் விடுப்பு மட்டும்தான்" என்று கடிதத்தில் இருந்தால், காரணம் கேளுங்கள்.

ஐந்தாவது, உங்கள் பாதுகாப்பு. ஊசி கையில் குத்திவிட்டால் நள்ளிரவில் யாரிடம் சொல்வது? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். விடியட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் இடமா அது? ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை யார் போடுவார்கள்? நோயாளியின் உறவினர் கைநீட்டினால் நிர்வாகம் யார் பக்கம் நிற்கும்?

ஆறாவது, ஒப்பந்தப் பத்திரம். இதைப் பெற்றோர்களும் கேட்கவேண்டும். எத்தனை ஆண்டு? எவ்வளவு தொகை? உழைக்க உழைக்கத் தொகை குறையுமா? தேர்வில் தவறினால், நோய்வாய்ப்பட்டால், மருத்துவமனை கைமாறினால் என்ன ஆகும்? மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? ஜாமீன்தாரர் எவ்வளவுக்குப் பொறுப்பு?

ஏழாவது, வெளிநாடு செல்வோருக்கு. உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது மருத்துவமனையா, முகவர் நிறுவனமா? அந்த நாட்டுத் தாதியர் வாரியத்தில் பதிவுபெறும் வரை என்ன வேலை, என்ன சம்பளம்? பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. தவறினால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது? திரும்பும் விமானச் சீட்டு யார் பொறுப்பு? கடப்பிதழை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

"இத்தனை கேட்டால் வேலையே கிடைக்காதே, வாத்தியாரே!" என்று பின்வரிசையில் ஒரு தாய் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தனியார் கல்லூரிகளில் படித்துவிட்டு வேலையின்றிக் காத்திருந்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். கடன் தலைக்கு மேல் இருக்கும்போது நிபந்தனை பேச எல்லாராலும் முடியாது. ஆனால், தெரிந்து ஏற்றுக்கொள்வது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு. கடினமான வேலை என்று தெரிந்தே ஓராண்டு செய்து அனுபவம் பெறலாம். அதற்கு ஒரு கணக்கு இருக்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். நேர்காணலின் முடிவில், "எனக்கும் சில ஐயங்கள் உள்ளன" என்று தாழ்மையோடு தொடங்குங்கள். முடிந்தால் வார்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கு வேலை செய்யும் தாதியிடம், "அக்கா, நேற்று சாப்பிட நேரம் கிடைத்ததா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பல விஷயம் விளங்கிவிடும். வாய்ச்சொல்லாகத் தந்த உறுதிமொழியைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். "இன்றே கையெழுத்துப் போடு" என்று அவசரப்படுத்தினால், இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். விளங்காத விதி இருந்தால் தொழிலாளர் இலாகாவில் விசாரிக்கலாம்.

அந்த மாணவி இப்போது வேறொரு மருத்துவமனையில் பணிபுரிகிறார். அங்குச் சேருமுன் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பதினோரு கேள்விகளை எழுதிக்கொண்டு போனாராம். நேர்காணல் செய்த தலைமைத் தாதி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இப்படிக் கேட்பவள்தான் மருந்துச் சீட்டையும் இரண்டு தடவை பார்ப்பாள்" என்றாராம். இன்று நான் சொன்ன கேள்விகளில் பாதி அந்தப் புத்தகத்தில் இருந்தவை. மாணவி எழுதியதை ஆசிரியர் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வேலைக் கடிதத்தையோ பத்திரத்தையோ வாசித்துப் பார்க்க ஆள் இல்லையென்றால், வெள்ளிக்கிழமை மாலையில் நான் நம் அலுவலகத்தில்தான் இருப்பேன். கொண்டு வாருங்கள். இந்த முறை கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறேன்.