அகலாத இரைச்சல்

வானொலியில் நிலையத்துக்கு நிலையம் மாறும்போது எழும் இரைச்சலை எவரும் விரும்பிக் கேட்பதில்லை. ஆயின், அத்தகைய இரைச்சலொன்றே பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தை மனிதனுக்கு அறிவித்தது.

1964ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், பெல் ஆய்வுகூடத்து விஞ்ஞானிகளான ஆணோ பென்சியாஸ், றொபேட் வில்சன் ஆகிய இருவரும், கொம்பு வடிவான பெரிய வானலை ஏற்பியொன்றை வானை நோக்கித் திருப்பினர். காரணம் தெரியாத மெல்லிய இரைச்சலொன்று பதிவாயிற்று. எத்திசையிலும், எப்பருவத்திலும் அது மாறவில்லை. ஏற்பியினுள் கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றினர். அவற்றின் எச்சத்தையும் துடைத்தனர். இரைச்சல் அகலவில்லை. அதன் அளவு, தனிப்பூச்சியத்துக்கு மேல் ஏறத்தாழ மூன்றரைப் பாகை மாத்திரமே. கருவியின் குற்றமென்று அதனை ஒதுக்கியிருக்கலாம், அவர்கள் ஒதுக்கவில்லை.

அண்மையிலிருந்த பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில், றொபேட் டிக்கி என்பவரின் குழுவினர் ஆதிக் கதிர்வீச்சைத் தேடக் கருவியமைத்துக்கொண்டிருந்தனர். இத்தகைய கதிர்வீச்சு உண்டென்று அல்பர், ஹேர்மன் என்போர் 1948இலேயே கணித்திருந்தும், அக்கணிப்பை அப்போது எவரும் நினைவிற் கொண்டிலர். 1965இல் உண்மை வெளியாயிற்று.

ஆதியிற் பிரபஞ்சம் மிக்க வெம்மையும் செறிவும் உடையதாயிருந்தது. இலத்திரன்கள் கட்டின்றித் திரிந்தமையால், மூடுபனியில் அகப்பட்ட விளக்கொளிபோல ஒளி சிதறிற்று. ஏறத்தாழ 380,000 ஆண்டுகளின் பின், வெப்பநிலை 3,000 பாகையளவுக்குத் தணிய, இலத்திரன்கள் கருக்களோடு கூடி அணுக்களாயின, மூடுபனி விலகிற்று. அன்று விடுபட்ட ஒளியே, பிரபஞ்சம் விரிய விரியத் தன் அலைநீளமும் பெருகி, இன்று 2.7 பாகைக் குளிர்ந்த நுண்ணலையாய் வந்தடைகின்றது.

ஆனால், அது எங்கும் ஒரே சீராயின், விண்மீன்கள் திரண்டது எவ்வாறு? 1989இல் ஏவப்பட்ட கோபி என்னும் செய்மதி இதற்கு விடை தேடித் தந்தது. திசைக்குத் திசை அக்கதிர்வீச்சில் இலட்சத்தில் ஒரு பங்களவான வேறுபாடு உண்டென்பது 1992இல் அறிவிக்கப்பட்டது. சற்றே செறிந்திருந்த இடங்கள் ஈர்ப்பினால் மேலும் பொருளைத் திரட்டின. விண்மீன் கூட்டங்கள் உருவாயின. 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செய்மதி, அவ்வேறுபாடுகளை இன்னும் நுணுக்கமாக அளந்து, பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளென்று காட்டிற்று.

பென்சியாசும் வில்சனும் 1978இல் நோபெல் பரிசு பெற்றனர். பழியைப் புறாக்களின்மேற் போட்டு அவர்கள் அமைந்திருப்பின், அப்பேறு வேறெவருக்கோ வாய்த்திருக்கும். இலட்சத்தில் ஒரு பங்கான அவ்வேறுபாடு இல்லாதிருப்பினோ, ஞாயிறும் இல்லை, நிலமும் இல்லை, அளந்தறிய மாந்தரும் இல்லை.