எளியோர் உரிமையும் நம் கடமையும்



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாட்டில் வாழும் எளியோரின் பொருளாதார, சமுதாய, பண்பாட்டு உரிமைகளைக் காத்தல் பற்றி இன்று உங்களிடம் பேசுமாறு வானொலி நிலையத்தார் பணித்துள்ளனர். பொருளோ மிகப் பெரியது. ஆயினும், பெரிய பொருளைச் சிறியதோர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவது ஆசிரியர் வழக்கம். நான் இன்று கூறப்போகும் எடுத்துக்காட்டு என்னுடைய சொந்தப் பிழையேயாகும்.

1998-ஆம் ஆண்டு தை மாதம். சென்னைக்கு வடமேற்கே, செங்கற்சூளைகள் மிகுந்த ஒரு வட்டாரத்தில் நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒரு நாட்காலை இருளர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் ஒன்பது வயதுடைய தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். திண்டிவனத்திற்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து சூளையில் கல் அறுக்க வந்த குடும்பம் அது. "ஐயா, ஊரில் மூன்றாவது படித்தாள். இங்கேயும் படிக்கட்டும்" என்றார். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். இல்லை என்றார். "கொண்டு வா, சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விதியைச் சொன்னேனேயன்றி, விலக்குக்கு வழியுண்டா என்று தேடினேனில்லை. சுருங்கச் சொன்னால், நான் கோபிக்கவுமில்லை, இழிவாகப் பேசவுமில்லை. ஒழுங்கான அலுவலராக நடந்துகொண்டதாகவே எண்ணியிருந்தேன்.

அவர் திரும்பி வரவில்லை. பங்குனியில் ஒரு நாள் சூளை வழியாகச் சென்றேன். வெயிலில் காயும் பச்சைக் கற்களைப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தாள் அச்சிறுமி. என்னைக் கண்டதும் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு, பள்ளியில் பழகிய வழக்கப்படி நிமிர்ந்து நின்று கைகுவித்தாள். நானும் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன். மழைக்காலத்திற்கு முன் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது.

அந்தத் தந்தை ஏன் திரும்பவில்லை? அதைப் பின்னரே விசாரித்தறிந்தேன். ஊர் சென்று வர ஒரு நாள் முழுதும் வேண்டும். அவரோ முன்பணம் வாங்கியவர். கணக்குத் தீரும்வரை மேஸ்திரியின் இசைவின்றிச் சூளையை விட்டு நகர இயலாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பது கூலி. குடும்பம் முழுதும் சேர்ந்து உழைத்தாலன்றி அந்த ஆயிரம் எட்டாது. ஆகவே, குழந்தையின் சிறு கைகளும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. நான் கேட்ட காகிதம் ஒன்றுதான். அதை எடுத்து வர அவருக்கு வேண்டியவையோ, நடமாடும் உரிமை, போதிய கூலி, ஒரு நாள் ஓய்வு ஆகிய மூன்று. மூன்றும் அவரிடம் இல்லை.

மாணவர்களே, இதிலிருந்து ஓர் உண்மையை நீங்கள் அறியலாம். உரிமைகள் தனித்தனியே நிற்பன அல்ல. தந்தையின் கூலி குறைந்தால் மகளின் கல்வி குறைகிறது. கல்வி குறைந்தவழி, நாளைக்கு அவளும் முன்பணம் வாங்கும் நிலைக்கு வருகிறாள். இதனாலன்றோ பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் மூன்றையும் ஒன்றாகத் தொகுத்து, 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஒரு பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது! நம் நாடு 1979-இல் அதில் இணைந்தது. இவ்வுரிமைகளை ஒரே நாளில் நிறைவேற்றுதல் இயலாது என்பதை அவ்வுடன்படிக்கை ஒப்புக்கொள்கிறது. தன்னிடமுள்ள வளங்களை இயன்ற மட்டும் பயன்படுத்திப் படிப்படியாக நிறைவேற்றுமாறு கூறுகிறது. ஆனால், இருப்பதைப் பகிர்வதில் குலம், பால், மொழி, சமயம் முதலிய வேற்றுமை பாராட்டுதற்கு அது இடந்தரவில்லை.

அவ்வுடன்படிக்கைக்கு முன்னரே நம் அரசியலமைப்புச் சட்டம் இதனைச் சிந்தித்தது. நலிந்த பிரிவினரின், குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி, பொருளாதார நலன்களைத் தனி அக்கறையுடன் அரசு வளர்க்க வேண்டும் என்பது அதன் 46-ஆம் பிரிவு. பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் அளிக்க முயல வேண்டும் என்று 45-ஆம் பிரிவு முதலில் குறித்திருந்தது. எனினும் இவை வழிகாட்டு நெறிகள். நீதிமன்றத்தின் வாயிலாக நிறைவேற்றக் கூடியன அல்ல. 1950-இல் குறித்த பத்தாண்டுக் கெடு அறுபதாண்டாக நீண்டது. 2002-இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளோர்க்குக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்குரிய சட்டம் 2009-இல் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் படி என் கைக்குக் கிடைத்த நாளில் ஒவ்வொரு பிரிவாகப் படித்து வந்தேன். வயதுச் சான்று இல்லை என்னும் காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுத்தல் கூடாது என்கிறது ஒரு பிரிவு. பள்ளி செல்லாதிருந்த குழந்தையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்கிறது மற்றொன்று. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்னும் 5-ஆம் பிரிவுக்கு வந்தபோது, மேலே படிக்க இயலாமல் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு எதிரே நின்ற அச்சிறுமியைக் குறித்தே எழுதியது போல் இருந்தது அது.

அவளுடைய தந்தைக்கும் சட்டத்தின் துணை இல்லாமலில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே இயற்றப்பட்டது. முன்பணத்துக்காக ஒருவருடைய நடமாட்டத்தையும் வேறு வேலை தேடும் உரிமையையும் பறிப்பது குற்றம் என்றும், அக்கடன் தீர்ந்ததாகவே கருதப்படும் என்றும் அது கூறுகிறது. அது கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனைச் சார்ந்தது. வாங்கிய ஏழையைச் சார்ந்ததன்று. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குதல் கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. இத்தனையும் இருந்தும் அந்தத் தந்தை அறிந்தாரில்லை. அறிந்திருக்க வேண்டிய நானும் அறிந்தேனில்லை.

பண்பாட்டு உரிமை என்பது யாது என்று நீங்கள் வினவலாம். இருளரின் வாழ்விலிருந்தே விடை கூறுகிறேன். பாம்பின் தடத்தை மண்ணில் கண்டறிவதில் அவர்களுக்கு நிகர் அரியர். முன்பு பாம்புகளைப் பிடித்துத் தோலுக்காக விற்று வந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழில் நின்றது. சட்டம் நல்லதே, எனினும், அவர்கள் பிழைப்புக்கு வழி? 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில், பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்நஞ்சு பயன்படுகிறது. இக்கலையில் தேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. முன்னோர் அறிவை இழக்காமலேயே வயிறு வளர்க்கவும் தலைநிமிர்ந்து வாழவும் வழி செய்தல் இயலும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

"இவ்வளவு சட்டம் எதற்கு? நல்லோர் இரக்கம் போதாதா?" என்று கேட்பாருளர். இரக்கம் உயர்ந்த பண்பு. அதை நான் குறைத்துக் கூறேன். ஆனால், இரக்கத்தை நம்பி நிற்பவர் கொடுப்போர் முகம் பார்த்து நிற்க வேண்டும். இன்று கிடைத்தது நாளை கிடைக்குமோ என அஞ்ச வேண்டும். உரிமையைக் கேட்பவருக்கு அவ்வச்சம் இல்லை. அன்று அந்தத் தந்தை என் இரக்கத்தை வேண்டி வந்ததாக நான் எண்ணினேன். உண்மையில் அவர் தம் மகளுக்கு உரியதைப் பெற வந்திருந்தார்.

மாணவர்களே, சட்டம் நூலில் இருக்கிறது. எளியவரோ மேசைக்கு எதிரே நிற்கிறார். இரண்டுக்கும் இடையே அமர்ந்திருப்பவர் ஓர் ஆசிரியர், ஒரு கிராம நிருவாக அலுவலர், ஒரு செவிலியர் அல்லது ஒரு வங்கி எழுத்தர். சில ஆண்டுகளில் அவ்விடத்தில் அமரப் போகிறவர்கள் நீங்களே. சாதிச் சான்றுக்கு அலைந்து களைத்த மாணவனோ, முதியோர் உதவித்தொகை நின்றுபோன மூதாட்டியோ உங்கள்முன் வரக்கூடும். "இந்தக் காகிதம் இல்லை" என்று சொல்லுமுன், "இது ஏன் இவரிடம் இல்லை? இதைப் பெற நான் என்ன செய்யலாம்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு விதிநூலைப் புரட்டுங்கள். மறுப்பதற்கு விதி தேடுவது போலவே, உதவுவதற்கும் விதி தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

அந்தச் சிறுமி இன்று முப்பது வயதைக் கடந்திருப்பாள். எங்கிருக்கிறாளோ, அறியேன். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அவர்கள் ஏதேனும் ஒரு பள்ளியின் வாயிலில் நிற்கும்போது, உள்ளே அமர்ந்திருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்பவராக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அதைக் கேட்க நான் பன்னிரண்டு ஆண்டுகள் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டா.