இருவரும் ஓர் அணி



மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் விடியற்கால வண்டியைத் தங்கவயலில் அறியாதார் இலர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், ஊரின் பிழைப்பு பெரிதும் அந்த வண்டிகளையே நம்பி நிற்கிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என நிலையந்தோறும் மக்கள் ஏறுவர். பங்காருப்பேட்டை வருமுன் நிற்கவும் இடமிராது. நாமும் அவ்வண்டியில் செல்பவரே. மொழிபெயர்ப்புப் பணி செய்து இரவு வீடு திரும்புங்கால், ஆறு வயது மகள் உறங்குவதற்கு ஒரு மணி நேரமே எஞ்சியிருக்கும். அந்த ஒரு மணியைப் பற்றியதே இன்றைய பேச்சு. அயல் மாநிலங்களில் வேலை நிமித்தம் வாழும் நேயர்கள் பலருக்கும் இத்தகைய ஒரு மணி உண்டென்று எண்ணுகிறோம்.

நாம் வீடு சேரும்போது குழந்தை கைப்பேசியில் ஏதேனும் ஆடிக்கொண்டிருப்பாள். தலை நிமிராள், கேட்டால் ஒரு சொல்லில் விடை தருவாள். கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தோம், அழுகையே மிஞ்சியது. பின்னர், "நாமும் உடன் ஆடுவோம்" என்று வண்டிப் பந்தயம் ஒன்றில் இறங்கினோம். நாற்பதைக் கடந்த நாம் ஆறு வயதுக் குழந்தையை மூன்று முறை தொடர்ந்து வென்றோம். இதனைச் சொல்ல இன்றும் நாணுகிறோம். நான்காம் முறை வேண்டுமென்றே தோற்றோம். "நீ வேணும்னே தோத்துட்டப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். வென்றாலும் தவறு, தோற்றாலும் தவறு என்னும் இக்கட்டு தாயக்கட்டை உருட்டிய தகப்பன்மார்க்கும் இருந்திருக்கும். ஆயினும் தாயத்தில் கட்டையின் போக்கு இருவர்க்கும் பொதுவாதலின், குழந்தையும் உண்மையாகவே வெல்லக்கூடும். கைத்திறனைச் சார்ந்த ஆட்டத்தில் அதற்கு இடமில்லை.

இதற்கு மாற்றாக அமைந்தவையே இருவரும் ஓரணியில் நின்று ஆடும் ஆட்டங்கள். இவற்றைத் தமிழில் கூட்டாட்டம் எனலாம். அலுவலகப் பழக்கத்தால் "கூட்டுறவு நிகழ்பட விளையாட்டு" என்று முதலில் எழுதிப் பார்த்தோம். பால் பண்ணையின் ஆண்டறிக்கை போல ஒலித்தமையால் விட்டுவிட்டோம்.

தங்கவயலார்க்கு இக்கருத்து புதிதன்று. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை மேலே பொறியில் அமர்ந்து இயக்குபவர் கூண்டைக் காணார். மணி ஓசையே அவருக்குக் கண். கீழிருப்பவர் அடிக்கும் மணி பிழைத்தாலும், மேலிருப்பவர் கேட்ட செவி பிழைத்தாலும் உயிர்ச்சேதம். நம் தந்தையார் அந்தக் கூண்டில் பல்லாண்டு இறங்கி ஏறியவர். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார், இருவரும் பேசினாலன்றிக் காரியம் நடவாது என்பதே நல்ல கூட்டாட்டத்தின் உயிர். வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. நாம் சிறுவராக இருந்தபோது தந்தையார் இரவு முறைக்குச் சென்றால், அவர் உறங்கும்போது நாம் பள்ளியிலும், நாம் உறங்கும்போது அவர் பூமிக்கடியிலுமாக வாரம் முழுதும் கழியும்.

நிற்க. எத்தகைய ஆட்டத்தைத் தேர்வது?

பிழை செய்தால் என்ன நேருமென்பதை முதலில் பார்த்தல் வேண்டும். 2005-இல் வெளிவந்த "லெகோ ஸ்டார் வார்ஸ்" முதலாக லெகோ வரிசை ஆட்டங்களில், பாத்திரம் வீழ்ந்தால் சில காசுகள் சிதறும். மறுநொடியே எழுந்து நிற்கும். குழந்தை நூறு முறை விழுந்தாலும் ஆட்டம் முடிவதில்லை. அன்றியும் இரண்டாமவர் இடையில் விலகலாம்; மீண்டும் வந்து சேரலாம். அடுப்பில் பால் பொங்கும் வீட்டுக்கு இது எத்துணை உதவியென்று தாய்மார் அறிவர். 2023-இல் வந்த "சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்" ஆட்டத்தில் யோஷி, நாபிட் என்னும் பாத்திரங்களைப் பகைவர் தொட்டாலும் தீங்கு நேராது. பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். குழந்தைக்கு அவற்றுள் ஒன்றைத் தந்துவிட்டுப் பெரியவர் தம் வலிமைக்கேற்ப ஆடலாம். வென்றது போன்ற பாசாங்கு தேவையில்லை.

அடுத்தது யாருக்கு எந்த வேலை என்பது. 2007-இல் வந்த "சூப்பர் மாரியோ கேலக்சி"யில் ஒருவர் மாரியோவை நடத்துவார். மற்றவர் திரையில் ஒரு குறியை மட்டும் நகர்த்தி, விண்மீன் துணுக்குகளைத் திரட்டுவார், பகைவரைத் தடுத்து நிறுத்துவார். இத்துணை வேலையைக் குழந்தைக்குத் தருவதே பலரின் வழக்கம். தொடக்கத்திற்கு அது தகும். ஆனால் ஓரிரு வாரத்திற்குள் மாற்றிவிடுக என்பது நம் கருத்து. நடப்பவள் மகளாகவும் தடை நீக்குபவர் தகப்பனாகவும் அமைந்தால்தான் குழந்தைக்கு அது தன் ஆட்டமாகிறது.

காலக்கெடுவுள்ள ஆட்டங்களில் எச்சரிக்கை வேண்டும். 2016-இல் வந்த "ஓவர்குக்ட்" சமையற்கூடத்தில் பலர் கூடி நறுக்கிச் சமைத்துப் பரிமாறும் ஆட்டம். பெயரைக் கேட்டுக் குடும்பத்திற்கு உகந்ததென நம்பி வாங்கினோம். கடிகாரம் ஓட ஓட நம் குரல் உயர்ந்தது, "வெங்காயம்! வெங்காயம்!" என்று நாம் கத்தியதைக் கேட்டு அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தனர். குழந்தை விம்மினாள். அதன் பிற்காலப் பதிப்பொன்றில் காலக்கெடுவைத் தளர்த்தும் வசதி உண்டு; எனினும் ஆறு வயதுக்கு அது வேண்டாம், பத்து வயதுக்கு மேல் ஆகுக.

உறையில் அச்சிட்டுள்ள வயதுக் குறிகளைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பாவில் 2003 முதல் வழங்கும் பெகி முறையில் 3, 7, 12, 16, 18 என்று எண்கள் இருக்கும். இவ்வெண் ஆட்டத்தில் அச்சமூட்டுவன, வன்முறை, தீச்சொல் முதலியன எவ்வளவென்று காட்டுமேயன்றி, ஆட்டம் எளிதா கடிதா என்று காட்டாது. 3 என்றிருப்பதை மூன்று வயதுப் பிள்ளை ஆடவல்லதென்று கொள்ளலாகாது. மறுபுறம் 2021-இல் வந்து பெரும் பரிசுகள் பெற்ற "இட் டேக்ஸ் டூ" என்னும் கூட்டாட்டம் இருவரின்றி ஆடவே முடியாதது, வேலைத்திறனும் மிக்கது. ஆனால் அதன் கதை மணவிலக்கை நாடும் பெற்றோரையும் அவர்தம் மகளையும் பற்றியது. பொம்மை யானை ஒன்றைத் துன்புறுத்தும் காட்சியும் அதில் உண்டு. குழந்தை உறங்கிய பின் கணவனும் மனைவியும் ஆடத் தகுந்தது.

இவையெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவியுடையோர்க்கு. இரண்டு கைப்பேசி மட்டுமே உள்ள வீட்டுக்கு வழி உண்டா எனின், உண்டு. ஒரே அருகலையில் இணைந்த இரு கைப்பேசிகளில் "மைன்கிராப்ட்" ஆட்டத்தை இருவர் ஒரே உலகில் ஆடலாம். சுவீடன் நாட்டில் தோன்றி 2011-இல் முழுவடிவம் பெற்ற இவ்வாட்டம் முப்பது கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. அமைதி நிலையைத் தேர்ந்தால் அரக்கர் எவரும் வாரார். நிலத்தை வெட்டுவதும் வீடு கட்டுவதுமே வேலை.

தங்கவயல் வீட்டில் இதனை ஆடுவதன் சுவையே தனி. நம் தந்தையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேத்தியின் அருகில் அமர்ந்தார். அவள் மரக் குந்தாலியால் நேர்கீழாக வெட்டத் தொடங்கினாள். "நேரா காலடியில வெட்டாதம்மா. கீழ என்ன இருக்குன்னு தெரியாதே" என்றார். அவ்வாட்டத்திலும் அதுவே முதல் எச்சரிக்கை. கீழே எரிமலைக் குழம்பு இருக்கக்கூடும். சாய்வாகப் படி வெட்டிச் சென்றார்கள். தீப்பந்தம் நட்டார்கள். "கூரைக்கு முட்டு எங்கம்மா?" என்று கேட்டார். அவ்வுலகில் பாறை இடிந்து விழாது, மணலும் சரளையுமே சரியும் என்று அவள் விளக்கியபோது, கிழவர் நெடுநேரம் பேசவில்லை. பாறை வெடிப்பில் தோழரை இழந்தவர் அவர். பிறகு, "நல்ல ஊரு" என்று மட்டும் சொன்னார். ஆழத்தில் பொன் கிடைத்தது. இரும்புக் குந்தாலியேனும் இல்லாமல் அதனைத் தொட்டால் கைக்கு ஒன்றும் வாராது என்பதைத் தாத்தா அறியார், பேத்தி கற்பித்தாள். பொன்னால் செய்த குந்தாலி மிக விரைவில் தேய்ந்து அழியும் என்பதை அவள் அறியாள். தாத்தா கேளாமலே சொன்னார்.

தமிழ் நேயர்க்கென்றே குறிப்பிட வேண்டிய ஆட்டம் "வெண்பா". 2023-இல் கனடா நாட்டிலிருந்து வெளிவந்தது. மறு ஆண்டு பிரிட்டனின் பாப்டா அமைப்பு முதற்படைப்புக்குரிய பரிசை அதற்கு அளித்தது. 1980-களில் தமிழகத்தினின்று கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்னும் தாய், சிதைந்துபோன சமையற்குறிப்பு நூலின் விடுபட்ட வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைக்கிறாள். கடிகாரம் துரத்துவதில்லை. ஒருவர் ஆடுதற்கென அமைந்ததே. ஆயினும் தாய் சொல்ல மகன் ஆட, இருவர் ஆட்டமாகிவிடும். அவள் மகன் மெல்ல மெல்லத் தமிழினின்று விலகுவதே கதையின் நடு நரம்பு. துயரம் கலந்ததாதலின் பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கே சொல்வோம்.

இனி, கால அளவு. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021-இல் வெளியிட்ட நெறிகளின்படி இரண்டு வயதுக்குட்பட்டோர்க்குத் திரை கூடாது. ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மிகாமலும், பத்து வயது வரை இரண்டு மணிக்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். நாம் அரை மணியில் நிறுத்துகிறோம். விலையில்லை என்று கூவும் ஆட்டங்கள் பலவும் பெட்டி திறக்கவும் உடை மாற்றவும் பணம் கேட்கும். முன்பே விலை கொடுத்து வாங்குவதே இறுதியில் மலிவு. பணயம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இப்பெட்டிகள் வேறு வகை என்பதால் பெற்றோர் தாமே காவல் நிற்க வேண்டும்.

உடனிருந்து ஆடுவதால் பயனுண்டா என்பார்க்கு, அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வைச் சுட்டலாம். வயதுக்கேற்ற ஆட்டங்களைப் பெற்றோருடன் ஆடிய 11 முதல் 16 வயதுப் பெண்பிள்ளைகள் குடும்பத்தோடு நெருங்கியிருந்தமை அதில் காணப்பட்டது. உடனாடியதால் நெருக்கமா, நெருக்கத்தால் உடனாடினரா என்பதை அத்தகைய ஆய்வு முடிவுகட்டிச் சொல்லாது. நாம் கண்டது வேறொன்று. நம் மகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பேசுகிறாள். நம்மிடம் கேட்டதற்கு மட்டும் தமிழில் விடையிறுப்பாள். கூட்டாட்டத்தில் அவளே ஏவ வேண்டியிருக்கிறது. "ஏறு, குனி, இரு, இப்ப குதி, கையப் பிடி" என வினைச்சொற்கள் வந்தன. சென்ற மாதம் "சரிவு", "சரளை" என்னும் சொற்களைத் தாத்தாவிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

நேற்று வண்டி தாமதித்தது. வீடு சேரும்போது ஒன்பதரை. அவள் உறங்கியிருந்தாள். கைப்பேசியைத் திறந்தோம். முன்னாள் இருவரும் வெட்டி நிறுத்திய சுரங்கப் படியின் முனையில் ஒரு பலகை நட்டிருந்தாள். அதில் தமிழ் எழுத்தில், ஓர் எழுத்துப்பிழையோடு, "அப்பா இங்க நிக்கனும்" என்று எழுதியிருந்தாள். அவ்விடத்தில் நம் பாத்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தோம்.