பாவோலா எகோனு



பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாலை வேளையில் கைப்பந்து வலையின் ஓரம் நின்று பிள்ளைகளின் ஆட்டத்தைக் கண்டு களிப்பது என் பழைய வழக்கம். அவ்வழக்கம் தந்த ஈடுபாட்டால், இத்தாலி நாட்டின் கைப்பந்து வீராங்கனை பாவோலா எகோனுவைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன்.

வட இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் சிட்டாடெல்லா என்றொரு சிற்றூர் உண்டு. பழைய வட்டமதில் இன்றும் அதனைச் சூழ்ந்து நிற்கிறது. அவ்வூரில் 1998ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் எகோனு பிறந்தார். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். இத்தாலியச் சட்டத்தின்படி, அம்மண்ணில் பிறந்த காரணத்தால் மட்டும் ஒரு குழந்தை குடியுரிமை பெறுவதில்லை. பெற்றோரின் குடியுரிமையே கணக்கில் கொள்ளப்படும். அயலாரின் பிள்ளை அங்கேயே பிறந்து, இடைவிடாது வாழ்ந்து வந்தாலும், 18 வயது நிறைந்த பின்னரே அவ்வுரிமையைக் கோரலாம். எகோனுவின் தந்தையார் குடியுரிமை பெற்றமையால், 14ஆம் வயதில் அது மகளுக்கும் கிட்டியது.

சிறுமியாக இருக்கும்போதே கைப்பந்து பயிலத் தொடங்கியவர், பின்னர் வீட்டைப் பிரிந்து, இளம் வீராங்கனையரைப் பயிற்றுவிக்கும் பொருட்டுக் கைப்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் 'கிளப் இத்தாலியா' அணியிற் சேர்ந்தார். 2015இல் பெரு நாட்டின் லிமா நகரில் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இத்தாலி வென்றது. சிறந்த ஆட்டக்காரர் என்னும் சிறப்பு எகோனுவுக்குக் கிடைத்தது.

அவர் ஆடும் இடத்தின் இயல்பைச் சற்று விளக்குதல் வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். எகோனுவின் உயரம் 1.93 மீட்டர். பந்தை உயர்த்திக் கொடுப்பவருக்கு எதிர்மூலையில் நிற்பவர் அவர். எதிரணி தொடுக்கும் பந்தை ஏற்கும் பொறுப்பு அவருக்குப் பெரும்பாலும் இல்லை. அடித்து முடிப்பதே அவர் தொழில். வேறு எவருக்கும் நல்ல பந்து அமையாதபோது, அமையாத அந்தப் பந்தும் அவரிடமே வந்து சேரும். 2018இல் ஜப்பானில் நடந்த உலகப் போட்டியின் அரையிறுதியில், சீன அணிக்கு எதிராக அவர் ஒருவரே 45 புள்ளிகள் ஈட்டினார். இறுதியாட்டத்தில் செர்பியாவிடம் இத்தாலி தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது.

தொழில்முறை ஆட்டத்திலும் அவர் புகழ் வளர்ந்தது. நொவாரா அணியுடன் 2019இலும், கொனேலியானோ அணியுடன் 2021இலும், இஸ்தான்புல் நகரின் வாக்கிஃபாங்க் அணியுடன் 2023இலும் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை வென்றார். பின்பு மிலான் அணியிற் சேர்ந்து தாய்நாட்டிற்குத் திரும்பினார்.

இத்துணை வெற்றிகளுக்கிடையே ஒரு துயரமும் உண்டு. 2022 அக்டோபர் 15ஆம் நாள், நெதர்லாந்தின் அப்பல்தோர்ன் நகரில், அமெரிக்காவை வென்று இத்தாலி உலகப் போட்டியின் வெண்கலம் பெற்றது. ஆட்டம் முடிந்ததும், நாட்டு அணிக்கு இதுவே தன் கடைசி ஆட்டம் என்றும், தான் இத்தாலியப் பெண்தானா என்றுகூடக் கேட்கிறார்கள் என்றும் எகோனு கலங்கிக் கூறிய காட்சி உலகெங்கும் பரவியது. அந்நாளில் பிரதமராயிருந்த மாரியோ திராகி தொலைபேசியில் அழைத்து ஆறுதல் உரைத்தார்.

இச்செய்தியை அறிந்தபோது என் உள்ளம் குறுகுறுத்தது. வகுப்பிற் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் முதலிற் பெயரையும், அடுத்துச் சொந்த ஊரையும் கேட்பது என் வழக்கமாயிருந்தது. வேற்று மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, "இந்த ஊர்தான் ஐயா" என்றாள். "அதுவன்று, உண்மையான ஊர் எது?" என்று மறுபடியும் கேட்டேன். அவள் விடை சொல்லாமல் தலை கவிழ்ந்தாள். பள்ளிக்கு அடுத்த தெருவில் பிறந்த குழந்தை அவள் என்பதைப் பதிவேட்டைப் பார்த்த பின்னரே அறிந்தேன். என் மனத்தில் வஞ்சம் இல்லை. ஆயினும் அவள் சொன்ன விடையை நான் நம்பவில்லை என்பதே அவளுக்குப் புரிந்தது. அன்று முதல் அக்கேள்வியை இரண்டாம் முறை கேட்பதை விட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேளாமற் போனது மட்டும் இன்றும் உறுத்துகிறது.

எகோனு ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 2024இல் ஹூலியோ வெலாஸ்கோ என்னும் மூத்த பயிற்சியாளர் நாட்டு அணியின் பொறுப்பை ஏற்றபோது, அவரும் அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டி முழுவதிலும் இத்தாலி இழந்தது ஒரே ஒரு செட் மட்டுமே. ஆகஸ்டு 11ஆம் நாள் இறுதியாட்டத்தில் அமெரிக்காவை மூன்று நேர் செட்டுகளில் வென்றது. ஆடவர் மகளிர் இருபாலாரிலும், கைப்பந்தில் இத்தாலி பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. போட்டியின் தலைசிறந்த வீராங்கனை எகோனு.

அதனை ஒட்டி ரோம் நகரின் சுவரொன்றில் ஓவியர் ஒருவர் எகோனுவின் உருவத்தைத் தீட்டினார். சில நாள்களுக்குள் யாரோ வந்து, அவ்வுருவத்தின் கரிய மேனி மீது வெளிர்நிறச் சாயம் பூசிச் சென்றனர். பொன் வென்று தந்த பின்னும் சிலர் கேள்வி ஓயவில்லை. 2025 ஜூன் மாதம், குடியுரிமை கோருவதற்கு வேண்டிய வசிப்புக் காலத்தை 10 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் குறைப்பது பற்றி இத்தாலியில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோர் தொகை பாதியை எட்டாமையால் அது செல்லாததாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், பாங்காக் நகரில் துருக்கியை வென்று இத்தாலிய மகளிர் உலகச் சாம்பியன் ஆயினர். எகோனுவும் அவ்வணியில் ஆடினார்.

நேயர்களே, ஒலிம்பிக்கில் தங்கம் வெல்லும் ஆற்றல் ஆயிரத்தில் ஒருவருக்கும் வாய்ப்பதரிது. எந்தப் பதக்கமும் வெல்லாத பிள்ளையும், "இதுதான் என் ஊர்" என்று சொன்னால், அதை நாம் ஒரே முறையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு அது அரிய செயலன்று.